கவனம் நிற்காதவர்களும் கஞ்சாவும்: சேலத்து வீடுகளில் கேட்கப்படும் கேள்விகள்

நான் சேலத்தில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். வாரநாள்களில் அஸ்தம்பட்டியிலும், மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளில் ஏற்காட்டிலும் ஆட்களைப் பார்க்கிறேன். மருந்து எழுதித் தருவது மருத்துவரின் வேலை. உட்கார்ந்து கேட்பதும், கோபத்தில் பேச்சை நிறுத்திவிட்ட அப்பாவையும் மகனையும் மறுபடி பேச வைப்பதும் என் வேலை. கஞ்சா பழக்கத்துக்காக என்னிடம் அழைத்துவரப்படும் இளைஞர்களில் சிலருக்குச் சின்ன வயதிலிருந்தே கவனக் குறைபாடு இருந்திருக்கிறது, அதை யாரும் கண்டுகொள்ளவே இல்லை. இந்தப் பக்கத்தை அவர்களுக்காகவும் அவர்கள் வீட்டாருக்காகவும் எழுதுகிறேன். இதில் வரும் மனிதர்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

கவனக் குறைபாடு என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா? சோம்பலுக்கு வைத்த பெயர் இல்லையா?

இருக்கிறது. கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என்பது முழுப் பெயர், ஏ.டி.எச்.டி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இது பிறவியிலேயே வரும் மூளை வளர்ச்சி சார்ந்த வேறுபாடு. குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. மகனுக்காக வந்த அப்பா, பாதிப் பேச்சில் "எனக்கும் இப்படித்தானே இருந்தது" என்று நிறுத்திவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உலக அளவில் குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பேருக்கு இது இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். பலருக்கு வயது ஏறினாலும் முழுதாக விலகுவதில்லை. கால் தரையில் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்த ஓட்டம் உள்ளே போய், ஓயாத மன ஓட்டமாகிவிடுகிறது.

சோம்பேறிக்கு வேலை செய்ய விருப்பமில்லை. இவர்களுக்கு விருப்பம் இருக்கிறது, தொடங்க முடிவதில்லை. தொடங்கினால் முடிக்க முடிவதில்லை. மின் கட்டணம் கட்டப் பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பியவர், வழியில் வேறு மூன்று வேலை பார்த்துவிட்டு, பணம் சட்டைப்பையில் இருக்க, கடைசித் தேதியைக் கோட்டை விட்டுவிட்டு வீடு திரும்புவார். பிடித்த வேலையென்றால் சோறு தண்ணீர் மறந்து ஆறு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். இதைப் பார்த்துத்தான் வீட்டில் "வேண்டும் என்றால் செய்கிறான், திமிர்" என்கிறார்கள். கவனம் இவர்களிடம் இல்லாமல் இல்லை. அதைத் திருப்பும் கடிவாளம்தான் கைக்கு அகப்படுவதில்லை.

அப்படிப்பட்டவர்கள் ஏன் குறிப்பாகக் கஞ்சாவை நாடுகிறார்கள்?

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறையில் வேலை செய்யும் இருபத்தாறு வயதுத் தம்பி ஒருவர் இருக்கிறார். கொலுசில் சலங்கை பற்றவைப்பது அவர் வேலை. மிளகு அளவுகூட இல்லாத முத்துகளை ஒவ்வொன்றாக வைத்து, நெருப்பைக் காட்டி, அடுத்ததற்கு நகர வேண்டும். முதல் நாள் என்னிடம் அவர் சொன்னது இது: "அக்கா, புதிய பஸ் நிலையத்தில் ஈரோடு, நாமக்கல், தருமபுரி, கள்ளக்குறிச்சி என்று எல்லாக் கண்டக்டர்களும் ஒரே நேரத்தில் கூவுவார்கள் இல்லையா? என் தலைக்குள் எப்போதும் அப்படித்தான். இதை இழுத்தால் ஒரே ஒரு பஸ் மட்டும் நிற்கும்."

பதினாறு வயதில் நண்பன் ஒருவன் கொடுத்த முதல் இழுப்பில் அந்த அமைதி கிடைத்ததாம். வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் தலை ஓய்ந்ததை உணர்ந்த பையனை நினைத்துப்பாருங்கள். போதைக்காகப் போனவனை விட, அமைதிக்காகப் போனவன் அந்த இடத்துக்குத் திரும்பிப் போவது உறுதி.

எல்லோருக்கும் காரணம் இது ஒன்றே அல்ல. தூக்கம் ஒரு பெரிய காரணம். கவனக் குறைபாடு உள்ள பலருக்குத் தூக்கக் கடிகாரமே பின்தள்ளி ஓடுகிறது. இரவு இரண்டு மணி வரை விழித்துக் கிடப்பவர், எதையாவது புகைத்துத் தூங்கிவிடலாம் என்று நினைக்கிறார். அடுத்தது சலிப்பு. நமக்குச் சலிப்பு ஒரு கொட்டாவியோடு போய்விடும். அவர்களுக்கு அது தோலுக்கடியில் ஊறும் அரிப்பு, உட்கார்ந்திருப்பதே வலி. மூளையில் ஊக்கத்தையும் பலன் கிடைக்கும் உணர்வையும் நடத்தும் டோபமின் என்ற வேதிப்பொருளின் இயக்கம் இவர்களிடம் வேறு மாதிரி இருக்கிறது. அதனால் நாளைக்குக் கிடைக்கும் பெரிய பலனை விட இந்த நிமிடம் கிடைக்கும் சின்னப் பலன் அதிகமாக இழுக்கிறது. கஞ்சா அந்த நிமிடத்திலேயே பலன் தருகிறது.

இன்னொன்றை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆறு வயதிலிருந்து தினமும் திட்டு வாங்கி வளர்ந்த குழந்தைக்கு ஒரு புண் இருக்கும். "உருப்படாதவன்", "எதற்கும் லாயக்கில்லை", "உன் தம்பியைப் பார்." இந்தச் சொற்கள் இருபது வயதிலும் காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கின்றன. புகைக்கும் நண்பர்கள் வட்டத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அந்தத் திண்ணையில் அவனுக்கு இடம் இருக்கிறது.

புகைத்தால்தான் என் மகன் வேலையில் உட்காருகிறான். அப்படியானால் அது வேலை செய்கிறது என்றுதானே பொருள்?

உட்காருவது உண்மை. அந்த அனுபவத்தைப் பொய் என்று நான் எந்தப் பிள்ளையிடமும் சொன்னதில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் தலை அமைதியாவது வேறு, கவனம் கூடுவது வேறு.

அந்தப் பட்டறைத் தம்பியிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, மூன்று வாரம் மூன்றே விவரங்களை எழுதச் சொன்னேன்: புகைத்தாரா இல்லையா, எத்தனை ஜோடி முடித்தார், எத்தனை சலங்கையைப் பிரித்து மறுபடி பற்றவைத்தார். மூன்றாவது வாரம் நோட்டை மேசையில் வைத்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். புகைத்த நாள்களில் நிறைய வேலை ஓடிய மாதிரித் தோன்றியிருக்கிறது. எண்ணிக்கை அப்படிச் சொல்லவில்லை. மறுபடி பற்றவைத்தவைதான் கூடியிருந்தன. பிறகு அவரே சொன்னார்: "ஒரு பஸ்தான் நிற்கிறது அக்கா. ஆனால் ஏறி உட்கார்ந்த பிறகு அது எந்த ஊருக்குப் போகிறது என்பது மறந்துவிடுகிறது."

கஞ்சாவின் வேலையை இதைவிடச் சரியாக நான் எங்கும் கேட்டதில்லை. ஒரு விஷயத்தைச் சில விநாடிகள் மனதில் ஏந்தி வைத்திருந்து பயன்படுத்தும் திறன் ஒன்று இருக்கிறது. கடைக்காரர் சொன்ன விலையை மனதில் வைத்துக்கொண்டே மீதிச் சில்லறையைக் கணக்கிடுகிறோமே, அதுதான். கவனக் குறைபாட்டில் பலருக்கும் அடிபடுவது இது. கஞ்சா மழுங்கடிப்பதும் இதையேதான். நேரம் ஓடும் உணர்வையும் அது குழப்புகிறது. அந்த உணர்வு இவர்களுக்கு ஏற்கெனவே குறைவு.

மூளைக்குள் அது என்னதான் செய்கிறது?

கஞ்சாவில் போதை தருவது டி.எச்.சி. என்ற பொருள். 1964-ல் இஸ்ரேலில் ரஃபேல் மெகூலமும் யெகியேல் காவோனியும் அதைத் தனியே பிரித்தெடுத்து, அதன் அமைப்பைக் கண்டறிந்தார்கள். சாவி பூட்டில் பொருந்துவதுபோல் அது போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் நம் மூளையிலேயே இருப்பது 1988-ல் தெரியவந்தது. செடிக்காக மூளை ஏன் பூட்டு வைத்திருக்க வேண்டும் என்று தேடியபோது, உடலே சுரக்கும் சாவி ஒன்று 1992-ல் கிடைத்தது. அதற்கு 'ஆனந்தமைடு' என்று பெயரிட்டார்கள். 'ஆனந்தம்' என்ற நம் ஊர்ச் சொல்லிலிருந்துதான்!

நினைவு, பசி, பயம், தூக்கம் எல்லாவற்றிலும் தேவையான இடத்தில் தேவையான அளவு மட்டும் சத்தத்தைக் குறைக்கும் ஏற்பாடு அது. டி.எச்.சி. வந்தால் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் சத்தம் குறைகிறது. கண்டக்டர்கள் மட்டுமல்ல, வழி சொல்ல வேண்டியவரும் வாயை மூடிக்கொள்கிறார்.

தினமும் புகைத்தால் மூளை அந்த ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. முன்பு இரண்டு இழுப்பில் கிடைத்த அமைதிக்கு இப்போது ஒரு பொட்டலம் வேண்டியிருக்கிறது. இடையில் புகைக்காத மணி நேரங்களில் எரிச்சல், பரபரப்பு, தூக்கமின்மை. இவற்றை அவர் "என் ஏ.டி.எச்.டி. கூடிவிட்டது" என்று எடுத்துக்கொள்கிறார். மறுபடி புகைத்ததும் அடங்குகிறது. "பார்த்தீர்களா, இதுதான் என் மருந்து" என்கிறார். பாதி நேரம் அவர் வைத்தியம் பார்ப்பது கஞ்சாவே உண்டாக்கிய நோவுக்கு. இந்தச் சுழலை ஒரு தாளில் வட்டமாக வரைந்து காட்டினால், வாதாட வந்தவர்கள்கூடச் சற்று நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

புகையிலையில் கலந்து பிடிக்கிறான். அதனால் வித்தியாசம் உண்டா?

உண்டு, இதைப் பலரும் கவனிப்பதில்லை. நிக்கோட்டின் சற்று நேரத்துக்குக் கவனத்தைக் கூர்மையாக்கும். கஞ்சாவுக்குக் கொடுக்கும் பாராட்டில் ஒரு பங்கு அந்தப் பீடித் தூளுக்குச் சேர வேண்டியது. விடும்போதும் ஒன்றல்ல, இரண்டு பழக்கத்தை விட வேண்டியிருக்கிறது.

மருத்துவ ஆய்வு எதுவும் நடக்கவில்லையா?

மிகக் குறைவு. லண்டனில் கிங்ஸ் கல்லூரியில் கவனக் குறைபாடு உள்ள 30 பெரியவர்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தி, 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். கஞ்சாச் செடியிலிருந்து அளவாகத் தயாரித்த, வாயில் தெளிக்கும் மருந்தைச் சிலருக்கும், வெறும் தெளிப்பைச் சிலருக்கும் ஆறு வாரம் கொடுத்தார்கள். கவனத்தையும் அசைவையும் அளந்த முக்கியச் சோதனையில் இரு தரப்புக்கும் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. துறுதுறுப்பில் லேசான முன்னேற்றம் தென்பட்டது. முப்பது பேரை வைத்து அதை நிலைநாட்ட முடியாது. அதுவும் அளந்து தயாரித்த மருந்து. லைன்மேடுக்குப் பக்கமோ ஏற்காட்டு லாட்ஜுக்குப் பின்னாலோ கைமாறும் பொட்டலத்தில் எவ்வளவு டி.எச்.சி. இருக்கிறது என்பது விற்பவனுக்கே தெரியாது.

செடியிலுள்ள சி.பி.டி. என்ற மற்றொரு பொருள் சில அரிய வலிப்பு நோய்களுக்கு 2018-ல் அமெரிக்காவில் மருந்தாக அங்கீகரிக்கப்பட்டது. அதை வைத்துக் கவனக் குறைபாட்டுக்கும் நல்லது என்று சொல்வது தாவல்.

சித்த மருத்துவத்தில் கஞ்சா இருக்கிறதே?

இருக்கிறது, மறுக்க வேண்டியதில்லை. ஊமத்தை, எட்டி, சேங்கொட்டை, நேர்வாளம் ஆகியவையும் இருக்கின்றன. நம் மருந்துச் சட்ட விதிகளில் நச்சுச் சரக்குகளுக்கென்று உள்ள பட்டியலில் இவற்றோடுதான் கஞ்சாவும் நிற்கிறது. சுத்தி செய்து, பிற சரக்கோடு சேர்த்து, அளவு பார்த்து, பத்தியம் சொல்லி வைத்தியர் கொடுப்பதற்கும், மொட்டை மாடியில் ஐந்து பேர் சுற்றிக் கொடுப்பதற்கும் சம்பந்தமில்லை. சேங்கொட்டை மருந்தில் சேருகிறது என்பதற்காக அதை யாரும் அப்படியே மென்று தின்பதில்லை.

"மாத்திரை ரசாயனம், இது செடி" என்கிறான். மாத்திரை கொடுத்தால் அதற்கே அடிமையாகிவிடுவானோ என்று எங்களுக்கும் பயம்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதும் ஒருவரின் மனைவி இதையே கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

இந்தக் கோளாறுக்கு அதிகம் ஆராயப்பட்ட மருந்து மீத்தைல்ஃபெனிடேட். தூண்டும் வகை மருந்து எப்படி அடக்கும் என்று கேட்பார்கள். அது அடக்குவதில்லை, கடிவாளம் பிடிக்கும் மூளைப் பகுதிக்கு வலுக் கொடுக்கிறது. இது கட்டுப்பாடுள்ள மருந்து, மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்க முடியாது, எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது. அடுத்தது அடோமாக்ஸெட்டின். அது போதை தரும் வகை அல்ல. பலன் தெரியச் சில வாரம் பொறுக்க வேண்டும். எது பொருந்தும் என்பதை மனநல மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ரத்த அழுத்தம், இதயம், தூக்கம் எல்லாவற்றையும் பார்ப்பார்கள்.

சிறு வயதில் முறையாக மருந்து எடுத்த குழந்தைகள் பின்னால் போதைக்குப் போகும் வாய்ப்பு அந்த மருந்தால் கூடுவதில்லை என்பதைப் பல ஆண்டுப் பின்தொடர்தல்கள் காட்டியிருக்கின்றன. கவனக் குறைபாட்டைக் கவனிக்காமல் விடுவதில்தான் அபாயம் அதிகம். மாறாக, கஞ்சா பிடிப்பவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அதற்கு அடிமையாகிறார். பதின்ம வயதில் தொடங்கியவர்களில் ஆறில் ஒருவர். பதின்ம வயதில் அதிகம் புகைத்தால் மனச்சிதைவு போன்ற நோய் வரும் அபாயமும் கூடுகிறது. வீட்டில் யாருக்காவது அந்த நோய் இருந்திருந்தால் ஒரு பொட்டலம்கூட வேண்டாம் என்று கெஞ்சியே கேட்பேன்.

மருந்து எடுத்துக்கொண்டே கஞ்சாவும் புகைத்தால் இதயத் துடிப்பு கூடும். மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

பெண்களுக்கும் இது வருமா?

வரும். ஆனால் அவர்களில் பலர் வகுப்பில் ஓடுவதில்லை, ஜன்னலைப் பார்த்துக் கனவு காண்பார்கள். அதனால் யார் கண்ணிலும் படுவதில்லை. மகனுக்காக வந்த ஒரு தாய், அடுப்பில் பால் பொங்குவதை ஒரே வாரத்தில் நான்கு முறை மறந்ததைக் குற்றவாளிபோல் சொன்னார். அவருக்கும் பரிசோதனை தேவைப்பட்டது.

வார இறுதியில் நண்பர்களோடு பைக்கில் ஏற்காடு போகிறான். அது ஒன்றுதான் எங்களுக்குப் பயம்.

பயப்படுங்கள். அடிவாரத்திலிருந்து மேலே போகும்வரை இருபது கொண்டை ஊசி வளைவுகள். எதிரே பஸ் திரும்பும்போது முன்கூட்டியே ஒதுங்க வேண்டும், ஹாரன் கேட்டதும் பிரேக் பிடிக்க வேண்டும். கவனக் குறைபாடு உள்ளவர்களுக்குக் கஞ்சா இல்லாமலேயே விபத்து வாய்ப்பு அதிகம். புகைத்த பிறகு கை கால் பதில் தருவது தாமதமாகிறது, வண்டி கோட்டுக்குள் நிற்பதில்லை, தூரமும் நேரமும் தப்பாகத் தெரிகின்றன. ஏரிக்கரையில் உட்கார்ந்து புகைத்துவிட்டு இருட்டில் இறங்குவார்கள், பனி இறங்கியிருக்கும். கஞ்சாவைப் பற்றிய பேச்சு இன்னும் வீட்டில் தொடங்காவிட்டாலும், பைக் சாவியைப் பற்றிய பேச்சை இன்றே தொடங்குங்கள். "நீ எந்த நிலையில் இருந்தாலும் போன் செய், நான் கார் எடுத்துக்கொண்டு வருகிறேன், அன்று இரவு ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன்" என்று ஓர் அப்பா சொன்னார். அவர் மகன் ஒருமுறை போன் செய்தான்.

மருத்துவமனைக்குப் போனால் போலீஸ் வழக்கு வருமா?

பாதிப் பேர் சிகிச்சைக்கே வராததற்கு இந்தப் பயம்தான் காரணம். போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985-ன்படி கஞ்சா புகைப்பது குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வைத்திருந்தால் அளவைப் பொறுத்துத் தண்டனை ஏறும். அதே சட்டத்தில் 64-ஏ என்ற பிரிவும் இருக்கிறது. புகைத்ததற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட, பழக்கத்துக்கு அடிமையான ஒருவர் தாமே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகரிக்கப்பட்ட மையத்திலோ சிகிச்சை பெற்றால் அவருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு ரத்து செய்யப்படலாம். விற்பவருக்கு இது பொருந்தாது. மனநலச் சிகிச்சை பெறுபவரின் விவரங்களை ரகசியமாகக் காக்க வேண்டும் என்று மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017 சொல்கிறது.

விட்டால் என்ன ஆகும்?

முதல் மூன்று நாளில் எரிச்சல் தொடங்கும். ஒரு வாரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். சோறு இறங்காது, தூக்கம் வராது, வந்தால் பயங்கரக் கனவுகள். இரண்டு வாரத்தில் பெரும்பாலும் தணியும், தூக்கம் மட்டும் சீராக இன்னும் நாளாகும். உயிருக்கு ஆபத்து என்பது அரிது. ஆனால் வீட்டார் இந்த இரண்டு வாரத்தில்தான் "விட்டும் திருந்தவில்லை" என்று கத்துகிறார்கள். தயவுசெய்து கத்தாதீர்கள்.

கவனக் குறைபாட்டுக்கு ஒன்றுமே செய்யாமல் கஞ்சாவை மட்டும் பிடுங்கினால், அத்தனை கண்டக்டர்களும் ஒரே நாளில் திரும்பி வருவார்கள். அந்த இடத்தில் வேறு ஏதாவது இருக்க வேண்டும். மருந்து, காலையில் வேர்க்க வேர்க்க ஓட்டம், பெரிய வேலையைச் சின்னச் சின்னத் துண்டாக்குவது, சுவரில் ஒட்டிய தாள், பக்கத்தில் உட்கார ஓர் ஆள். பட்டறைத் தம்பிக்கு அவர் மாமா பத்து ஜோடிக்கு ஒருமுறை எழுந்து தேநீருக்கு அழைத்துப் போகிறார். அது மருந்தோடு சேர்ந்து நிறையச் செய்திருக்கிறது.

சேலத்தில் எங்கே போவது?

அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வெளிநோயாளிச் சீட்டு போட்டுக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள். மலையிலிருந்து இறங்க முடியாத நாளில் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. போதைப் பழக்கத்துக்கென்று 14446 இருக்கிறது.

முதல் சந்திப்புக்கு என்ன கொண்டுவர வேண்டும்?

பழைய பள்ளிக் காகிதங்கள். கவனக் குறைபாடு என்று சொல்ல, அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே, வீடு பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிந்திருக்க வேண்டும். இப்போதைய மறதி கஞ்சாவால் வந்ததா, அதற்கு முன்பே இருந்ததா என்பதைப் பிரிக்க வேறு நல்ல வழி இல்லை. மதிப்பெண் அட்டை, ஆசிரியர் எழுதிய குறிப்பு, பாட்டியின் ஞாபகம் எல்லாம் உதவும்.

நாகலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, துணிக்கடைப் பையில் மகனின் மூன்றாம் வகுப்பு டைரியை எடுத்து வந்திருந்தார். அட்டையைக் கரையான் அரித்திருந்தது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் ஆசிரியை எழுதியிருந்தார்: பென்சில் கொண்டுவரவில்லை. நோட்டு கொண்டுவரவில்லை. வீட்டுப்பாடம் பாதி. பென்சில் கொண்டுவரவில்லை. இருபத்திரண்டு வயது மகன் அதை வாங்கி, விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினான். பதினேழு பென்சில் வந்தது. பிறகு அம்மாவைப் பார்க்காமல் என்னிடம் கேட்டான்: "அப்போது எனக்கு எட்டு வயதுதானே, அக்கா?"